யாரு விட்ட கோல் இது?

2022 ஏப்ரல் 30. நோன்புப் பெருநாளுக்கு இரண்டே நாள். இஸ்கண்டார் புத்ரியில் இருக்கும் சுல்தான் இப்ராஹிம் அரங்கில் ஜேடிதியும் தென்கொரியாவின் உல்சானும் ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் மோதிக்கொண்டிருந்தன. தொண்ணூறு நிமிடம் முடிந்து, ஆளுக்கு ஒரு கோல். இன்ஜுரி டைம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்தில் பந்து உல்சான் வலைக்குள் போனது. நான் அப்போது மாசாயில் ஒரு மாமாக் கடையில் இருந்தேன். நாற்காலிகள் பின்னால் சரிந்தன, யாரோ என் தே தாரேக்கைத் தட்டிவிட்டார்கள், முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தார். ஜேடிதி 2 – 1. குழுவில் முதலிடம். ஒரு மலேசியக் குழு அந்தப் போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போவது அதுதான் முதல் தடவை.

சத்தம் அடங்கியதும் பக்கத்து மேசைத் தம்பி கேட்டான், "யாருண்ணே கோல் போட்டது?"

"யாரும் போடல. அவனுங்களே போட்டுக்கிட்டானுங்க."

சொந்த கோல். போட்டவர் பெயர் பார்க் யோங்-வூ. அன்று அந்தக் கடையில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. எனக்கும் தெரியாது. பிறகு தேடிப் பார்த்தேன். கடைசியில் கவாசாகியும் உல்சானும் வெளியே போக, நாம் உள்ளே போனோம். ஜொகூர் காற்பந்தின் மிகப்பெரிய இரவுகளில் ஒன்று, கொரியாவில் ஒருவருக்குத் தூங்க முடியாத இரவாகப் போயிருக்கும். ஈராண்டு கழித்து ஆசியக் கிண்ணத்தில் ஜோர்டானுக்கு எதிராக அதே மனிதர் இன்னொரு சொந்த கோல் போட்டார். தொலைக்காட்சியில் அவர் முகத்தைப் பார்த்தபோது ஏதோ தெரிந்தவருக்கு அடிபட்டதுபோல் இருந்தது. நாங்கள் அவர் செலவில் ஓர் இரவு கொண்டாடியவர்கள் அல்லவா?

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. நாம் ஜெயித்த ஆட்டங்களை எடுத்து, அதில் எதிர்ப்பக்கம் பழி சுமந்தவர் யார் என்று பார்ப்பது. மலேசிய ரசிகர்கள் கடந்த இருபது ஆண்டுகளில் மறக்காமல் வைத்திருக்கும் வெற்றிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

2009 டிசம்பர், லாவோஸில் சீ விளையாட்டுப் போட்டி. இருபது ஆண்டுகளாக வராத காற்பந்துத் தங்கம் அங்கே வந்தது. பயிற்றுநர் கே. ராஜகோபால். இறுதியாட்டத்தில் வியட்நாமை 1 – 0 என்று வென்றோம். அந்த ஒரு கோலும் வியட்நாம் தற்காப்பு ஆட்டக்காரர் மாய் சுவான் ஹொப் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டது.

2010 டிசம்பர், ஆசியான் நாடுகளுக்கான சுசுகி கிண்ணம். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3 – 0 என்று அடித்துவிட்டு ஜகார்த்தாவுக்குப் போனோம். அங்கே ஆட்டத்தின் முற்பகுதியிலேயே இந்தோனேசியாவுக்கு பினால்டி. உதைத்தவர் அவர்களுடைய தலைவர் ஃபிர்மான் உத்தினா. நம் கோல் காவலர் கைருல் ஃபாமி பிடித்துவிட்டார். இந்தோனேசியா அன்று 2 – 1 என்று ஜெயித்தும் கிண்ணம் நமக்கு. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த பினால்டி உள்ளே போய், மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால்கூட மொத்தக் கணக்கு 4 – 3. அப்போதும் கிண்ணம் நமக்குத்தான். ஆட்டம் அப்படி அப்படியே நடக்காது, ஆரம்பத்தில் விழும் ஒரு கோல் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பது சரிதான். ஆனால் முதல் ஆட்டத்தில் விழுந்த மூன்று கோலையும் ஃபிர்மானா விட்டார்? அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குக் கிடைத்தது தெரியுமா? அதே ஃபிர்மான் உத்தினாவுக்கு.

2018 டிசம்பர், பாங்காக். அதே கிண்ணத்தின் அரையிறுதி. 2 – 2. அப்படியே முடிந்தால் வெளியூரில் போட்ட கோல் கணக்கில் நாம் இறுதியாட்டத்துக்குப் போவோம். இன்ஜுரி டைமில் தாய்லாந்துக்கு பினால்டி. அடிசாக் கிரைசோர்ன் உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அந்தத் தொடரில் எட்டு கோல் போட்டு முதலிடத்தில் இருந்தவர் அடிசாக். திமோர் லெஸ்தேயை ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் அடித்தவர். அவரை இன்று எதற்காக நினைவில் வைத்திருக்கிறோம்? அன்று தாய்லாந்து இரண்டு முறை முன்னிலை பெற்று, இரண்டு முறையும் அதைக் கோட்டைவிட்டது. சொந்தத் திடலில். அந்த இரண்டு கோலையும் போட விட்டவர்கள் யாரென்று எந்தப் படத்துணுக்கும் காட்டுவதில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் சொல்வார்கள். பாவம் பதினொரு பேரிடமும், பயிற்றுநரிடமும், சங்க அலுவலகத்திலும், பல ஆண்டுகள் பின்னாலும் பரவிக் கிடக்கிறது. பழியோ ஒருத்தன் காலில், ஒரு விநாடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ரசிகனை நான் ஒரு வாசகனாகத்தான் பார்க்கிறேன். இந்த இதழைப் படிப்பவர்களுக்கு அப்படிச் சொன்னால் புரியும். நாவலின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொலைகாரன் யாரென்று சொல்பவன் மோசமான வாசகன். காற்பந்து ரசிகன் பெரும்பாலும் அந்த வாசகன்தான். தொண்ணூறு நிமிடக் கதை, அதற்கு முன்னால் பத்தாண்டு முன்கதை, எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறான். அந்த வாக்கியத்தின் எழுவாய் யாரோ அவர்தான் குற்றவாளி.

சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கோவலன் வெட்டுப்பட்டதற்கு யார் காரணம்? பொற்கொல்லன் பொய் சொன்னான். பாண்டியன் விசாரிக்கவில்லை. காவலர்கள் அவசரப்பட்டார்கள். கோவலன் சொத்தைத் தொலைத்தான். ஊழ் என்றும் சொல்கிறது காப்பியம். பழியை இத்தனை பேருக்குப் பங்குபோட்டுக் கொடுத்த ஒரு கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுத்தான், மாலையில் திடலில் "எல்லாம் கீப்பராலதான்" என்று கத்துகிறோம். நம் இலக்கிய விமர்சனமும் இதில் ரொம்ப மேல் என்று சொல்ல மாட்டேன். மலேசியத் தமிழ் நாவல் ஏன் தேங்கிக் கிடக்கிறது என்று கேட்டால் உடனே யாராவது ஒரு மூத்த எழுத்தாளர் பெயரைச் சொல்வார்கள். பதிப்பு, விநியோகம், வாசிப்பு, பள்ளிக்கூடம் எதுவும் பேச்சில் வராது. சரி, அது இன்னொரு கட்டுரைக்கு.

ராஜகோபாலுக்கு வருகிறேன். அவர் கதையை யாராவது ஒழுங்காக எழுத வேண்டும். 2010 கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் மலேசியா இந்தோனேசியாவிடம் 5 – 1 என்று தோற்றது. அந்த ஐந்தில் ஒன்று நம் ஆள் போட்ட சொந்த கோல். யார் போட்டது? கடையில் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் நினைவிருக்காது. ஏனென்றால் நாலு வாரத்தில் கிண்ணம் வந்துவிட்டது. வெற்றி எல்லா வழுக்கலையும் துடைத்துவிடுகிறது. மாய் சுவான் ஹொப்புக்கு அந்த வசதி இல்லை. அவர் குழு அன்று ஜெயிக்கவில்லை.

அடுத்த ஆண்டே காற்று திரும்பியது. 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் அங்கே 5 – 3 தோல்வி, இங்கே 1 – 1. வெளியே. 2012 நவம்பரில் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டம், புக்கிட் ஜாலிலில், மறுபடி சிங்கப்பூரிடம், 3 – 0. ஜொகூர்க்காரனுக்கு சிங்கப்பூரிடம் தோற்பது தனி வலி. காலையில் பாலத்தைத் தாண்டி அவர்களிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். அப்போது நான் கல்லூரி மாணவன். "நம்ம ராஜகோபால்" என்று 2010இல் தொண்டை கிழியக் கத்திய அதே கூட்டம், "ராஜகோபாலுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்ல ஆரம்பித்தது. இதில் கவனிக்க வேண்டியது அந்த 'நம்ம' என்ற சொல். ஜெயிக்கும்போது அது தமிழரிடமிருந்து மொத்த நாட்டுக்கும் பரவும். எல்லோருக்கும் அவர் 'நம்ம' ஆள். தோற்கும்போது அது சுருங்கிச் சுருங்கித் தமிழரிடமே திரும்பி வரும். பிறகு தமிழரும் கைகழுவிவிடுவார்கள். அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். "நம்ம ஆளுங்களுக்கே பேரைக் கெடுத்துட்டாரு" என்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்ன பேரைக் கெடுத்தார்? அரையிறுதி வரை கொண்டுபோனார் அந்தத் தடவையும்.

சிறுபான்மையிலிருந்து வரும் ஆட்டக்காரருக்கு இந்தச் சுமை இரட்டிப்பு என்பதற்கு வெளியூர் உதாரணங்கள் நிறைய. 2021 ஜூலையில் யூரோ இறுதியாட்டத்தில் இங்கிலாந்து இத்தாலியிடம் பினால்டியில் தோற்றது. தவறவிட்ட ரேஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூவருமே கறுப்பின இளைஞர்கள். அன்றிரவே அவர்கள் மீது இன வசை கொட்டியது. சாக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வயதுப் பையனை ஐந்தாவது உதைக்கு அனுப்பியது யார் என்ற கேள்வி மிக மெல்லத்தான் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் துபாயில் டி20 உலகக் கிண்ணம். இந்தியா 151 எடுத்தது. பாகிஸ்தான் ஒரு விக்கெட்கூட விழாமல் 152 எடுத்து ஜெயித்தது. பத்து விக்கெட்டில் ஒன்றைக்கூட யாராலும் எடுக்க முடியவில்லை. பந்துவீசிய அத்தனை பேருக்கும் அதில் சமபங்கு. ஆனால் வசை முழுக்க முகமது ஷமிக்குப் போனது. காரணத்தை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? விராட் கோலி அவருக்காக வெளிப்படையாகப் பேசினார், அது பெரிய விஷயம். 2024இல் வந்த 'லப்பர் பந்து' படம் சாதியை வைத்துத் திறமையுள்ளவனைக் குழுவில் சேர்க்காமல் விடுவதைப் பேசியது. சேர்த்துக்கொண்ட பிறகு தோல்வியை யார் கணக்கில் எழுதுவார்கள் என்பது அதன் அடுத்த அத்தியாயம். அந்தப் படத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

நமக்கு விளையாட்டுப் படம் என்றால் ஜெயிக்க வேண்டும். மலேசியாவில் 'ஓலா போலா'வை (2016) விடச் சிறந்த உதாரணம் இல்லை. சியூ கெங் குவான் இயக்கியது. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசியக் குழுவை மனத்தில் வைத்து எடுத்த கற்பனைக் கதை. அதில் வரும் கோல் காவலர் முத்து, 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய ஆர். ஆறுமுகத்தின் சாயலில் உருவான பாத்திரம். திரையரங்கில் நானும் விசிலடித்தவன்தான். மலாய், சீனம், தமிழ் எல்லாம் கலந்து பேசும் ஒரு குழுவைத் திரையில் பார்க்கும்போது தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது உறுத்தியது ஒன்று. இந்தப் படத்தில் குழு என்பது வெற்றிக்கான சூத்திரம். ஒற்றுமையாக இருந்தால் ஜெயிக்கலாம், அவ்வளவுதான். ஒற்றுமையாக இருந்தும் தோற்றால் என்ன செய்வது? தோற்ற பிறகு ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்பது? அதற்குப் படத்தில் இடமில்லை.

இத்தனைக்கும் உண்மைக் கதை அந்தக் கேள்வியைத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறது. மெர்டேகா அரங்கில் தென்கொரியாவை 2 – 1 என்று வென்ற அந்தக் குழு மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. சோவியத் ஆப்கானிஸ்தானுக்குள் படை அனுப்பியதைக் கண்டித்து மலேசியாவும் புறக்கணித்தது. ஆறுமுகமும் மற்றவர்களும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தார்கள், அப்புறம் அவர்கள் கையில் இல்லாத ஒன்று எல்லாவற்றையும் மூடிவிட்டது. அங்கே யாரையும் பழி சொல்ல முடியாததால்தானோ என்னவோ, அந்தக் குழுவை இன்றுவரை எல்லோரும் நேசிக்கிறார்கள். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்துபோனார். நீண்ட கைகள் என்று என் அப்பா இன்னமும் சொல்வார், சொல்லும்போது தன் கையை நீட்டிக் காட்டுவார்.

கோல் காவலர்தான் இந்தப் பழிவிளையாட்டின் நிரந்தரப் பலி. முன்னாட்டக்காரர் பத்து வாய்ப்பில் ஒன்பதை விட்டாலும் பத்தாவதைப் போட்டால் வீரன். காவலர் பத்தில் ஒன்பதைப் பிடித்து ஒன்றை விட்டால் முடிந்தது கதை. பிரேசிலின் மொவசிர் பார்போசா 1950 உலகக் கிண்ணத்தில் உருகுவே போட்ட இரண்டாவது கோலை விட்டதற்காக, 2000இல் சாகும்வரை ஐம்பது ஆண்டு அந்த ஒரு பந்தைச் சுமந்தார். அவரும் கறுப்பர்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்த ஆட்டம் காற்பந்தே இல்லை, பேஸ்பால். நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழு 1918க்குப் பிறகு பட்டம் வெல்லவே இல்லை. 1986இல் நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அது இரண்டு ரன் முன்னிலையில் இருந்தது. எதிரணியில் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும், பட்டம் கையில். அந்த ஒருவரை எடுக்க முடியவில்லை. வரிசையாக மூன்று பேர் அடித்தார்கள், ஒரு ரன் வந்தது. பிறகு பந்துவீச்சாளர் ஒரு பந்தைத் தாறுமாறாக வீசினார், கணக்கு சமமானது. அதற்கும் பிறகுதான் ஒரு பந்து மெல்ல உருண்டு வந்து பில் பக்னர் என்ற ஆட்டக்காரரின் இரண்டு கால்களுக்கும் நடுவே போனது. மெட்ஸ் ஜெயித்தது.

கவனியுங்கள், பந்து கால் நடுவே போகும்போது முன்னிலை ஏற்கெனவே போய்விட்டது. பக்னருக்குக் கணுக்கால் மோசம் என்பது எல்லோருக்கும் தெரியும். வழக்கமாகக் கடைசி நேரத்தில் அவருக்குப் பதில் வேறொருவரை இறக்குவார்கள், அன்று நிர்வாகி இறக்கவில்லை. முக்கியமாக, தொடர் அன்றே முடியவும் இல்லை. ஏழாவது ஆட்டம் பாக்கி இருந்தது. அதில் பாஸ்டன் மூன்று ரன் முன்னிலை பெற்று, பிறகு 8 – 5 என்று தோற்றது. ஆனாலும் 1986 என்றால் பக்னர். அவர் 2008இல் பாஸ்டன் திடலுக்கு வந்து பருவத்தின் முதல் பந்தை வீசியபோது மொத்த அரங்கமும் எழுந்து கைதட்டியது என்று படித்தேன். அதற்குள் அந்தக் குழு 2004இலும் 2007இலும் பட்டம் வென்றிருந்தது. மன்னிப்பதற்கு முன்னால் நாம் ஜெயித்துவிட வேண்டியிருக்கிறது.

சரி, அப்படியானால் யாரையுமே குறை சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1994ஐ ஒட்டி மலேசியக் காற்பந்தில் சூதாட்டம் வெடித்தது. பந்தயக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகப் பெரும் எண்ணிக்கையில் ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், தடை செய்யப்பட்டார்கள். அது குற்றம். குற்றத்துக்குப் பெயர் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சம்பவம் ரசிகன் மண்டைக்குள் ஒரு பூச்சியை விட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு யார் தவறு செய்தாலும் ஒரே வசனம்: "காசு வாங்கிட்டான்டா." வழுக்கினாலும் காசு, குறி தவறினாலும் காசு. என் வயதுக்காரர்கள் ஆட்டத்தைப் பார்க்கக் கற்றதே அந்த வசனத்தோடுதான். தவறுக்கும் துரோகத்துக்கும் நடுவே இருந்த கோடு அழிந்துபோனது.

2015ஐயும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 3, அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 10 – 0. பயிற்றுநர் டோலா சாலே பதவி விலகினார். ஐந்து நாள் கழித்து ஷா ஆலமில் சவூதி ஆட்டம். 2 – 1 என்று சவூதி முன்னிலையில் இருக்கும்போது ரசிகர்கள் திடலுக்குள் தீப்பந்தங்களை எறிந்தார்கள். முடிய சில நிமிடங்களே இருக்கையில் ஆட்டம் நின்றது, பிறகு சவூதிக்கு 3 – 0 என்று அறிவிக்கப்பட்டது. எறிந்தவர்களை ஆதரிக்க என்னால் முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை: அவர்கள் கோபம் விளையாட்டாளர் யார் மீதும் இல்லை, மலேசியக் காற்பந்து சங்கத்தின் நிர்வாகத்தின் மீது இருந்தது. பழியைச் சரியான முகவரிக்கு அனுப்பப் பார்த்த அபூர்வமான சந்தர்ப்பம், அனுப்பிய விதம் படுமோசம். பத்து கோலுக்கு ஒரு காவலரையோ ஒரு தற்காப்பு ஆட்டக்காரரையோ கைகாட்ட முடியாது, எண்ணிக்கையே அதற்கு இடம் தராது. 1 – 0 தோல்விதான் ஆபத்தானது. அதற்கு ஒரு முகம் இருக்கும்.

அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது சலிப்பான வேலை. சம்பளப் பாக்கி வைத்திருக்கும் மாநிலக் குழுக்கள், பள்ளிகளில் திடல் இருந்தும் பயிற்றுநர் இல்லாமை, தோட்டம் விட்டுத் தாமானுக்கு வந்த நம் பிள்ளைகளுக்கு மாலையில் விளையாட இடமே இல்லாமை. 2014இலிருந்து தொடர்ந்து லீக் பட்டத்தை வெல்லும் ஜேடிதியைப் பார்த்தால், பணம், பயிற்சி மையம், நல்ல புல்தரை, மாதாமாதம் சம்பளம் எல்லாம் இருந்தால் என்ன நடக்கும் என்பது தெரிகிறது. அங்கே ஒருவர் தவறினால் அவரைத் தாங்க இருபது பேர் இருக்கிறார்கள். இல்லாத இடத்தில்தான் ஒருவர் தவறு மொத்தக் கூரையையும் இறக்குகிறது.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்றால், ஒன்றுமில்லை. நான் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைத்தவன்.

எங்கள் தாமானில் ஏழு பேர் குழு. நான் இடது பக்கத் தற்காப்பு. எங்கள் கீப்பர் என் பக்கத்து வீட்டுப் பையன், என்னைவிட ஒரு வயது சின்னவன். தீபாவளியை ஒட்டி நடந்த ஒரு போட்டியின் அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் அவன் கைக்கு அடியில் பந்து நுழைந்து போனது. 1 – 0. நான் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். அப்புறம் அவனைப் பார்த்து "ஓட்டை" என்றேன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் அம்மாகூட ஒருநாள் விளையாட்டாக அப்படிக் கூப்பிட்டார். அடுத்த வருடம் அவன் கையுறை போடவில்லை. வேறு யாரோ நின்றார்கள். இருபது வருடம் ஆகிறது, இன்னமும் என் கைப்பேசியில் அவன் பெயர் 'ஓட்டை' என்றுதான் இருக்கிறது.

இப்போது அவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். போன வருடம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அதே மாமாக் கடையில் ஜேடிதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்க்குழுவின் கீப்பர் ஒரு சுலபமான பந்தை விட்டார். கடை முழுக்கச் சிரிப்பு. அவன் மட்டும் சிரிக்கவில்லை. நான் என்னவோ நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"டேய், அன்னைக்கு அந்த கோல். என் ஆளுடா அவன். நான்தான் அவனை விட்டுட்டேன். மேல ஏறிப் போயிட்டு திரும்பி வரல."

அவன் தே ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"தெரியும் லா. நான் பின்னாலதானே நின்னேன். கீப்பருக்கு எல்லாம் தெரியும்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"எப்படிடா சொல்றது? நீ அப்படி அழுதுக்கிட்டு இருந்த."

பிறகு திரையைப் பார்த்து, "அது அவன் தப்பு இல்லடா, பாரு, பந்து முன்னாடி ஒருத்தன் கால்ல பட்டுத் திரும்புது" என்றான். மறுஒளிபரப்பில் பார்த்தேன். பட்டுத்தான் திரும்பியது. ஆட்டம் முடிவதற்கு முன்பே எழுந்துவிட்டான். மறுநாளும் வேலை இருந்தது அவனுக்கு, நாலரைக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலத்துக்குப் போக வேண்டும்.